உன் அப்பா வீட்டு நடை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே மூவரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், அந்த மட்டில் நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. வாந்தி நின்றதா, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார், நான் எதையாவது உளறிவிடுவேனோ என்று காவல். அதனால் நான் வேலை பார்க்கும் பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் முத்திரை குத்தும் தபால் ஆபீசில் போட்டால் கவர் பெட்டியில் விழுவதற்குள் அவர் காதில் விழுந்துவிடும், பஸ் ஏறி வேறு இடத்தில் போய்த்தான் போட வேண்டும். பெற்ற மகளுக்குத் திருட்டுத்தனமாக எழுதும் பிழைப்பு.

போன வாரம் நீ வேலையை விடப் போகிறேன் என்றாய். மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது, அப்பாவின் தங்கை, உன் அத்தை, போன் செய்து, "உங்கம்மா மாதிரி நின்னுகிட்டே கிடக்காதே, அப்புறம் தம்பிக்கு ஆன கதி உன் புள்ளைக்கும் ஆயிடும்" என்று சொன்னாள் என்றாய். பக்கத்தில் இருந்த உன் அப்பா அதைக் கேட்டு ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். எல்லாம் தெரிந்த பிறகும் ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அன்று இரவே உனக்கு எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

தம்பிக்குப் பெருமூளை வாதம் என்று சொன்ன நாளிலிருந்து நம் வீட்டில் அதற்கு ஒரே காரணம்தான், நான். பிரசவம் வரைக்கும் பேக்கரி அடுப்பு முன்னால் நின்றேனாம், வலி வந்தும் வேலையை விட்டு வரவில்லையாம். எந்த டாக்டரிடம் போனாலும் அவர் நாற்காலியைக் காட்டும் முன்பே உன் அப்பா ஆரம்பித்துவிடுவார். "பிரசவத்துல லேட்டாயிடுச்சு சார், இவ வரமாட்டேன்னு நின்னுட்டா." அவர்களும் அதையே எழுதிக்கொள்வார்கள். கேள்வி கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டால் யார்தான் மேற்கொண்டு கேட்பார்கள். நான் செய்த தாமதம் கையில் ஒட்டிய மாவைக் கழுவிச் செருப்பைப் போட்ட நேரம்தான். பிறந்ததுமே வீலென்று அழுதான், எடை நன்றாக இருந்தது, நர்ஸ் சிரித்துக்கொண்டேதான் கையில் கொடுத்தாள். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தால், "நீ சும்மா இரு, டாக்டருக்குத் தெரியும்" என்று அடக்கிவிடுவார். உன் அத்தைக்காரி அதைக் கல்யாண வீடு, சாவு வீடு என்று பாராமல் பரப்பினாள். ரொட்டிக்குக் காட்டிய அக்கறையைப் பிள்ளைக்குக் காட்டவில்லையாம் நான்.

இப்போது நடந்ததைக் கேள். தம்பியின் கால் விறைப்பு இரண்டு மூன்று வருடமாகக் கூடிக்கொண்டே போகிறது, வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரை போனவன் இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவே என் தோளைப் பிடிக்கிறான். அவனுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர், இந்த வியாதி இருக்கிறபடியே இருக்கும், இப்படிக் கூடிக்கொண்டே போகாது, எதற்கும் மரபணு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அந்த டாக்டர் உன் வயசுப் பெண். உன் அப்பா வழக்கம்போல் ஆரம்பித்ததும், "சார், ஒரு நிமிஷம், நான் அம்மாகிட்ட கேட்டுக்கறேன்" என்றாள். இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரசவத்து அன்று நடந்ததையெல்லாம் சொன்னேன். உன் அப்பா ரோஷப்பட்டு எழுந்து வராந்தாவில் போய் உலாத்தினார். அவள் கதவு வழியாக அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நடைதான் உனக்குத் தெரியுமே, முட்டி மடங்காமல், முன்பாதத்தில் விறைப்பாக. கூப்பிட்டு, எப்போதுமே இப்படித்தான் நடப்பீர்களா என்று கேட்டாள். அவர் பெருமையாக, "இது எங்க குடும்பத்து நடை டாக்டர். எங்கப்பா, என் தங்கச்சி எல்லாருமே இப்படித்தான், பட்டாளத்து நடைன்னு சொல்லுவாங்க" என்றார். நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை, மூன்று பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

முடிவு வந்துவிட்டது. தம்பியிடம் இருக்கும் மரபணு மாற்றம் உன் அப்பாவிடமும் இருக்கிறது, என்னிடம் இல்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னாள். "இந்த வாதம் எல்லாமே பரம்பரைன்னு நினைக்காதீங்க. குறைமாசத்துல பிறந்தோ, பிரசவத்துல மூச்சு முட்டியோ நிறையப் பேருக்கு வருது. சில பேருக்கு மட்டும் காரணம் மரபணுவுல இருக்கும், வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்க நின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா." ஒருவருக்குக் கால் விறைப்போடு போகுமாம், இன்னொருவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடுமாம், ஏன் என்று அவளுக்கும் தெரியாதாம். எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை, கசப்புதான் வந்தது. உன் அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இதை யார்கிட்டயும் சொல்லாதே, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை போச்சு" என்றார், அவ்வளவுதான். தங்கைக்கு மட்டும் அவரே சொல்லியிருக்கிறார், உன் அத்தைக்காரி வந்து, "எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் கிடையாது" என்று சொல்லிவிட்டு, காலை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்து போனாள். அவர் ரத்தத்தில் இருப்பதற்கு அவர் என்ன செய்வார், அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். என் தலையில் இருந்தவரை அது ஊருக்கே சொல்ல வேண்டிய செய்தி, அவர் பக்கம் திரும்பியதும் மூடி மறைக்க வேண்டிய ரகசியம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாய் வார்த்தைக்குக்கூட, உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு சொல் வரவில்லை.

இனி உன் விஷயம். உனக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாமலிருக்கவும் பாதி வாய்ப்பு. உனக்கு இல்லையென்றால் உன் வழியாகக் குழந்தைக்கு வராது. இருந்தால் என்ன செய்வது என்பதை அங்கே உள்ள டாக்டரிடம் நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள், மற்றவர்கள் பேச்சுக்குக் காது கொடுக்காதே. மாற்றத்தின் பெயரை டாக்டர் எழுதித் தந்ததை நகல் எடுத்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடினது, மாடிப்படி ஏறினது எல்லாவற்றையும் நினைத்து நினைத்து உன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சமயம் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது, ஒரு சமயம் விறைப்பாக நடந்தாயோ என்று பயம் பிடிக்கிறது. என் கண்ணை நம்பாதே, பரிசோதனை செய்துகொள். வேலையை விடாதே. கால் வலித்தால் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார், ஆனால் நான் நின்ற கதைக்குப் பயந்து வீட்டில் முடங்காதே.

தம்பிக்கு நானே சொன்னேன். அவனிடம் எதற்கு மறைக்க வேண்டும். சாப்பாடு ஊட்டும்போது மெதுவாக எல்லாம் சொன்னேன். அவன் வாயில் இருந்ததை விழுங்கினான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, "நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேனேம்மா" என்றான். அவனும் நம்பியிருக்கிறான், பெரியவளே. குளிப்பாட்டிய கையை, தூக்கிய தோளைப் பார்த்துக்கொண்டே, இவள்தான் என்னை இப்படி ஆக்கினவள், போகட்டும் என்று இத்தனை வருடம் பெரிய மனசு பண்ணியிருக்கிறான். யார் திட்டியதும் என்னை இப்படிச் சுடவில்லை. செய்யாத தப்புக்கு நாளைக்கு உன் பிள்ளை உன்னை மன்னிக்கும்படி வைத்துக்கொள்ளாதே. அதற்காகத்தான் உன் அப்பா பேச்சை மீறி எழுதுகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், இதை அவரும் படிக்கலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல், ஸ்பீக்கரில் உன் அப்பாவும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் ஒரே மாதிரி சுமந்து பெற்ற
அம்மா