கேட்டுவிட்டுத் தொட்ட கை

அக்கா,

இன்று காலை பிளாஸ்டர் அச்சுகளை வெயிலில் காயவைத்தபோது ஈரச் சுண்ணாம்பு வாசனை கிளம்பியது. கொலு வரப்போகிறது, கம்பெனி முழுக்கப் பொம்மைகள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீங்கள் வாசலில் நின்று திறந்து கிடக்கிற கதவைத் தட்டுவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. திறந்த கதவைத் தட்டுகிற பைத்தியம் இந்த விருத்தாசலத்தில் நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். நீங்களும் போய்விட்டீர்கள்.

வேப்பூர் ரோட்டு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை என்று சொல்லித்தான் மாமா, என் அம்மாவின் தம்பி, என்னைக் கூட்டிப்போனான். அங்கிருந்து வேறு ஆட்களிடம் விற்றான். பிறகு நடந்ததை எழுதமாட்டேன். மீட்டுக் காப்பகத்தில் சேர்த்தபின் அதைப் போலீஸ் கேட்டது, டாக்டர் கேட்டார், பழம் கொடுக்க வந்த பெரிய மனுஷிகள்கூடக் கேட்டார்கள். விற்றவன் யார் என்று நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காப்பகத்தில் வேலை பார்த்த நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்டதெல்லாம் வேறு. “உக்காரட்டுங்களா?” “ஃபேன் போடட்டுங்களா?” ஒருநாள் நான் அழுதுகொண்டிருந்தபோது, “தோள்ல கை வைக்கட்டுங்களா?” என்றீர்கள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயோ, இதையெல்லாமா கேப்பாங்க?”

“உங்க தோளாச்சே. வேற யாரக் கேக்கறது?”

உங்கள் மகள் வயசுதான் எனக்கு. என்னை வாங்க, போங்க என்று கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

இந்தப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதும் நீங்கள்தான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்து ஒட்டுத் தழும்பைக் கத்தியால் சுரண்டுகிற வேலை. பக்கத்தில் செல்வி அக்கா. தங்கமான மனுஷி, தன் சோற்றில் பாதியை எனக்கு வைப்பாள். வைத்துவிட்டு, நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்: “எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் பொண்ணு?” நம் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் என்று சொல்லி, ஊர்ப் பேரையும் சொல்லிவிட்டேன். அது போதாதா? ஊர் தெரிந்தால் தெரு, தெரு தெரிந்தால் சொந்தம். மறுநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “உன் மாமாகிட்ட போன்ல பேசிட்டேன். பாவம், தேடாத எடமில்லியாம். இன்னிக்கே வராரு.” கத்தி என் கையிலிருந்து விழுந்தது.

மாமா வெள்ளை வேட்டியும் இனிப்புப் பொட்டலமுமாக வந்தான். “எங்க வூட்டுப் பொண்ணு, கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றான். “பெரியவங்க கூப்புடறாங்கல்ல, போம்மா” என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளை, முதலாளி உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் மூச்சு வாங்க வந்து, அவனைப் பார்க்காமல், எனக்கு எதிரே கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தீர்கள்.

“போறீங்களா, இருக்கீங்களா? நீங்க சொல்றதுதான்.”

“அவகிட்ட என்னா கேக்கறது?” என்று மாமா கத்தினான்.

“அவங்ககிட்டதான் கேக்கணும்.”

நீங்கள் அவசரப்படுத்தவில்லை, தலையாட்டிச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சும்மா காத்திருந்தீர்கள். “இருக்கேன்” என்றேன் கடைசியில். அப்புறம் கையை நீட்டி, “இவருதான் என்னை வித்தாரு” என்றேன். செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். போலீஸ் வந்தது.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவன் ஜாமீனில் வந்துவிட்டான். “என் தம்பி மானத்த வாங்கிட்டியேடி” என்று அம்மா வந்து மண்ணைத் தூற்றிவிட்டுப் போனாள். நான் செத்துவிட்டதாக ஊரில் சொல்லிவிட்டாளாம். வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தீர்ப்பைப் பார்க்காமலே படுக்கையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு உங்களைப் புரட்டினார்கள், ஊசி குத்தினார்கள். நான் கிட்டே வந்து, “கையப் புடிச்சுக்கட்டுங்களா அக்கா?” என்று கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பேச்சு நின்றுபோயிருந்த நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். அப்புறம்தான் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது.

நாளைக்கு நான் சாட்சி சொல்லணும். நேற்றுச் சாயந்திரம் அம்மா போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. “மாமாவுக்கு ஒடம்பு முடியல. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. சொல்லிட்டு வூட்டுக்கு வந்துடு.” வூடு என்ற சொல்லைக் கேட்டதும் தேம்பித் தேம்பி அழுதேன் அக்கா. பாழாய்ப்போன மனசு, போய்விடலாமா என்றுகூட நினைத்தது. இத்தனை பேசிய அம்மா, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை.

இன்று மத்தியானம் செல்வி அக்கா என் பக்கம் வந்தாள். அன்றைக்கு அப்புறம் அவள் புதுசாக வருகிற எந்தப் பெண்ணிடமும் ஊர் கேட்பதில்லை. கையெல்லாம் மண்ணோடு கொஞ்சம் தள்ளியே நின்றாள். “நாளைக்குக் கோர்ட்டுக்கு உங்கூட நான் வரட்டுமா?”

“வாங்க” என்றேன்.

கூண்டில் ஏறினால் அம்மாவின் வீடு எனக்கு இனி இல்லை. அது தெரிந்துதான் ஏறப்போகிறேன். உங்கள் கேள்வி இன்னும் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறது. போறீங்களா, இருக்கீங்களா?

இருக்கேன் அக்கா.