உன் சாய்தளத்தில் நின்ற வண்டிகள்

என் செல்ல அக்கா,

நீ போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. ஏன்டா இப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்கிறாள். வரும்போது வரட்டும் என்றேன்.

நேற்று, நீ கட்டடக்கலை சொல்லிக்கொடுத்த கல்லூரியில் உனக்கு இரங்கல் கூட்டம். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு, தேஹு ரோட்டு வீட்டிலிருந்து ஆட்டோவில் போனேன். வாசலில் பார்த்தால், படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற நீ போட்ட சாய்தளம் முழுக்க டூ-வீலர். அத்தனையும் உன்னைப் பற்றிப் பேச வந்தவர்களுடையவை. உன்மேல் இவ்வளவு பேருக்குப் பிரியம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அந்தச் சாய்தளத்துக்காகத் தொண்ணூறுகளில் நீ எவ்வளவு அலைந்தாய். "யாரோ ஒருத்தருக்காகவா மேடம்?" என்ற கல்லூரி ஆபீஸ்காரரிடம், "மாசமா இருந்தப்ப உங்க வீட்டம்மா படியேறினதைப் பாத்ததே இல்லையா?" என்று கேட்டாய். புதுக் கல் வாங்கவும் உனக்கு மனசு வரவில்லை. இடித்த கட்டடத்தின் ஷஹாபாத் தரைக்கல்லைப் பொறுக்கிவந்து, சக்கரம் வழுக்காதபடி சொரசொரப்பை மேலே வைத்துப் பதித்தாய். படிச்ச பிள்ளை கல் பொறுக்குதே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே மைக்கில் உன் பெயர் கேட்டது. உன் துறை ஜோஷி இன்னும் மூன்று பேரோடு ஓடிவந்தார். "உச்லூன் நேவூ கா?" தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று மராத்தியில் கேட்டார்.

இந்த இடத்தில் எப்போதும் நீதான் பேசுவாய். பேங்க், ரேஷன் கடை, கல்யாண மண்டபம், எங்கே யார் கை நீட்டினாலும், "அவனைத் தூக்காதீங்க, வழியை விடுங்க" என்பாய். நான் சும்மா இருப்பேன்.

நேற்று எனக்கு மனசு மரத்துப் போயிருந்தது. தூக்கினால் தூக்கட்டும், என்ன போச்சு என்றுகூட இருந்தது. ஆனாலும், "நக்கோ. காட்யா காடா" என்றேன். வேண்டாம், வண்டிகளை எடுங்கள்.

எல்லாம் ஹேண்டில் பூட்டு. கூட்டத்தை நிறுத்தி, மைக்கில் வண்டி நம்பர்களை வாசித்தார்கள். உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்த பிரின்சிபாலே பாதிப் பேச்சில் சாவியோடு இறங்கிவந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

வழி விட்டதும் நானே உருட்டிக்கொண்டு ஏறினேன். உன் படத்துக்கு முன்னால் போய்த்தான் பிரேக் போட்டேன்.

இனிமேல் யார் தூக்க வந்தாலும் நானே வேண்டாமென்று சொல்கிறேன், அக்கா. உன் அளவுக்குச் சத்தமாக வராது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

உன் தம்பி,
சேகர்