சீ ஸ்குவர்ட்டும் மாமா மகனும்

மார்ச் 6, வெள்ளி

விடியும்போதே மழை. சிங்கப்பூர் பாசிர் ரிஸ் மிதவை மேடையில் படுத்து, கடலுக்குள் கையை விட்டு சீ ஸ்குவர்ட் பறித்தேன். தோல்பை மாதிரிப் பிராணி, தொட்டால் தண்ணீர் பீச்சும். இன்றும் நேரே மூக்கில். சனியன்.

தவக்கால வெள்ளி, கறி கிடையாது. மீன் சோறு.

தூத்துக்குடியிலிருந்து அம்மா போன். "ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணத்த வச்சிருவோம்னு மாமா சொல்லுதாரு. சொந்தத்துல கட்ட பிஷப்கிட்ட அனுமதி வாங்கணும்லா, அதையும் பங்குச் சாமியார் பாத்துக்கிடுவாராம். திங்கக்கிழமை பதில் சொல்லிரு."

மாப்பிள்ளை: ஜெரால்டு, மாமா மகன். இங்கே ஷிப்யார்டில் வேலை. ஒரே வீட்டில் வளர்ந்தோம். அவன்மேல் பாசம் உண்டு. கல்யாண ஆசை துளியும் இல்லை. அம்மாவிடம் வெறும் "ம்". வாயில் கொழுக்கட்டை.

மார்ச் 7, சனி

வெயில். லேப்.

ஒவ்வொரு சீ ஸ்குவர்ட்டிலும் முட்டையும் உண்டு, விந்தும் உண்டு. ஒரு தட்டில் முட்டையோடு அதன் சொந்த விந்து, அடுத்த தட்டில் வேறொன்றின் விந்து. பைப்பெட் மாற்றினேன். (போன வாரம் மறந்து எல்லாம் பாழ்.)

வேறு விந்துத் தட்டு: முட்டைகள் இரண்டாக, நான்காகப் பிரிகின்றன. சொந்தத் தட்டு: ஒன்றுமில்லை. விந்து நீந்தி வருகிறது, உறையில் ஒட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் விலகுகிறது. முட்டை உறையிலும் விந்திலும் ஜோடி ஜோடியாக மரபணு அடையாளங்கள். எல்லா ஜோடியும் பொருந்தினால் அது தன் சொந்த விந்தேதான், முட்டை சேர்க்காது.

யோசனை: ஜெரால்டிடம் இதையே சொன்னால்? கடல் பிராணிகூட சொந்தத்தில் கட்டாது என்று. அவன் மனசு நோகாது.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து, நான் தங்கியிருக்கும் சுவா சூ காங்கிலிருந்து ரயில். லிட்டில் இந்தியாவில் நிற்க இடமில்லை. டீக்கடையில் ஜெரால்டு. எனக்குச் சீனி குறைத்து முன்பே சொல்லி வைத்திருந்தான்.

சீ ஸ்குவர்ட் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அது கூடப் பொறந்ததோட விந்து போட்டா?"

மாட்டிக்கொண்டேன். பொய் வரவில்லை. "பெரும்பாலும் ஒட்டிக்கும். தன்னோடதுதான் ஆகாது."

"அப்போ மாமா மகனுக்குத் தடையே இல்லலா."

சிரித்தான்.

"டேய், எனக்கு இஷ்டம் இல்லடா."

"எனக்கு இருந்துச்சு." கிளாஸையே பார்த்தான். "இதச் சொல்ல அந்தப் பாவப்பட்ட பூச்சிய எதுக்கு இழுத்த?"

ஸ்டேஷன் வரை கூட வந்தான். நாளை அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

மூட்டம். தட்டுகள் கழுவினேன்.

நான் கூப்பிடும் முன்பே அம்மா. ஒரே அழுகை. "ஜெரால்டு உன்ன வேண்டாம்னுட்டானாம். இனிமே வீட்டு வாசப்படி மிதிக்காதன்னு மாமா அவன ஏசிட்டாரு. நீ மனசு விட்டுராத தாயி."

முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அப்புறம்தான்.

"அவன் சொன்னது பொய்ம்மா. நான்தான் வேண்டாம்னேன்."

அம்மாவின் அழுகை சட்டென நின்றது.

"ஏட்டி, அவனுக்கு உன்ன அவ்வளவு புடிக்குமா?" என்றாள் அம்மா.