படம் வரையாத ஷாமினி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜானிஸ் வணக்கத்துடன் எழுதுவது. பாகான் டத்தோவில் எல்லாரும் சுகமா? உங்கள் முட்டிவலி குறைந்ததா? ஈப்போவில் நான் நலம்.

என் டியூஷன் வகுப்பில் ஷாமினி என்ற சிறுமி எந்தக் கணக்கையும் படம் வரைந்துதான் போடுவாள். விடை சரியாகவே வரும். முந்தாநாள் டியூஷன் சென்டர் முதலாளி அவள் முகத்துக்கு நேரே, "இது மண்டு லா, கடைசி வகுப்புக்கு அனுப்பு" என்றார்.

"யோசிக்கிற விதம்தான் சார் வேற, அறிவு குறையல" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் லா" என்று சிரித்தார்.

அவளைக் கடைசி வகுப்புக்கு அனுப்ப மறுத்துவிட்டேன். கவலைப்படாதீர்கள், என்னை வேலையைவிட்டு நிறுத்தமாட்டார்; அவருக்கு வேறு டீச்சர் கிடைக்கமாட்டார். ஆனால் நேற்று ஷாமினி படம் வரையவில்லை. விடையும் தப்பு.

தர்மா அண்ணன் ஈப்போ பக்கம் வந்தால் கருவாடு கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. வகுப்புக்கு நேரமாகிறது. இன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே முதலில் வரையப்போகிறேன்.

உங்கள் மகள்,
ஜானிஸ்