ஹிக்கரிக்கு ஈரம் ஆகாது

பக்கத்து வீட்டுக்காரன் இன்றைக்கு இறைச்சி வாட்டுகிறான். கரியின் மேல் மரச்சீவல் தூவிப் புகை போடுகிறான். வேலிக்கு மேலால் பையைத் தூக்கிக் காட்டி, ஹிக்கரி என்று பெருமையாகச் சொன்னான். கொழுப்பு எரியும் நாற்றத்துக்கு நடுவே அந்தப் புகையின் இனிப்பு. நான் உள்ளே வந்து யன்னலைச் சாத்தினேன், இறைச்சிக்காக மட்டும் அல்ல. அந்த மரத்தின் பெயரைக் கேட்டால் முதலில் கோயில் சபைத் தலைவரின் முகம்தான் வருகிறது. பிறகுதான் உம்முடைய முகம். அதற்காகவும் அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில், சுத்தியலுக்கும் கோடாலிக்கும் பிடி போடும் பட்டறையில் நாம் இருவரும் ஒரே மேசையில் நின்றோம். ஊரில் நீர் தபால் அதிபர், நான் கடைக்காரன். மரத்தைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. பலகைகளைப் பார்த்துப் பார்த்தே படித்தோம். அமெரிக்காவிலிருந்து வரும் ஹிக்கரி பாரமானது, ஆனாலும் வளைந்து கொடுக்கும். அடியின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு கையைக் காப்பாற்றும். ரேகை நுனிவரை நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அங்கே பிளக்கும். வாங்குகிறவர்கள் வெளிப்புறத்து வெள்ளைப் பாகத்தைத்தான் கேட்பார்கள், நடுவிலுள்ள சிவப்பை ஒதுக்குவார்கள். "சிவப்பும் அதே பலம்தான் ஐசே, இவங்களுக்கு நிறம் மட்டும்தான் கண்ணில தெரியுது" என்பீர்.

கோயில் சபை வாடகை மண்டபத்தில் திருவிழா தொடங்கியபோது, சாமியைத் தோளில் காவ இரண்டு நீளத் தண்டுகளை அந்த மரத்தில் செய்தீர். ஒரு மாதம் சீவினீர், தேய்த்தீர், எண்ணெய் ஊட்டினீர். கொடுத்த அன்று ஒன்றே ஒன்று சொன்னீர்: "இது எங்கட பனை மாதிரி இல்லை. ஈரம் ஆகாது. கழுவ வேண்டாம், எண்ணெய் போட்டுத் துடையுங்கோ."

எல்லாரும் ஓம், ஓம் என்றார்கள். மூன்றாம் ஆண்டு, வாசலில் சாமியைத் திருப்பும்போது ஒரு தண்டு முறிந்தது. சாய்ந்த சாமியை நீர்தான் தோள் கொடுத்துத் தாங்கினீர். அந்தத் தோள் இறங்குவதற்கு முன்பே, சனத்துக்கு முன்னால் தலைவர் சொன்னார்: "கோடாலிப் பிடிக்குப் போற கட்டையைச் சாமிக்குக் குடுத்தால் வேற என்ன நடக்கும்?"

பிறகுதான் அறிந்தோம். ஊரில் செய்தபடியே, ஒவ்வொரு திருவிழா முடியவும் மஞ்சள் தண்ணீரால் கழுவி, பட்டுத் துணியை ஈரத்தோடு சுற்றிக் கட்டி, தலைவரின் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுப் பலகைத் தரைக்குக் கீழே மண்ணில் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே கிடந்தன. ஆக்லாந்து மழைக்கு அந்த மண் எப்போது காய்ந்தது? துணி கட்டிய இடம் கறுத்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. முறிந்த தண்டின் மற்றப் பாதியைப் படிக்கட்டில் முழுப் பலத்தோடு அடித்தேன். ஒரு கீறல்தான் விழுந்தது.

"கூட்டத்தில காட்டுவம்" என்றேன்.

"விடும் ஐசே. சாமியின்ர பேரில சண்டை வேண்டாம்" என்றீர்.

நான் விடவில்லை. இரண்டு பாதியையும் சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உந்த ஊத்தையை வெளியில எறியுங்கோ அண்ணை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அது அவருடைய வீட்டு ஊத்தை. அதற்குப் பிறகு நீர் சாமி காவப் போகவில்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. உம்முடைய செத்தவீட்டில் அதே வாயால் அவர் "பெரிய தொண்டர்" என்று பேசினார். நான் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

நல்ல பாதியை நான் எறியவில்லை. சீவி எடுத்து ஊன்றுகோல் ஆக்கினேன். போன கிழமை மண்டபத்தில் தலைவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல வைரம் அண்ணை. என்ன மரம்?"

"நீங்கள் எறியச் சொன்ன மரம்."

அவர் செருப்பைத் தேடப் போய்விட்டார். நானும் வாசல்வரை பின்னாலேயே போய், நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னேன். செய்தவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

வெளியே மழை. என் முழங்கால் ஊன்றாமல் நடக்க விடாது. தடியை மழைக்கோட்டுக்குள் செருகிப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, மதிலைப் பிடித்துப் பிடித்து, பஸ் நிறுத்தம்வரை நொண்டிக்கொண்டு போனேன்.