பட்டியலில் இல்லாத சிப்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் அத்தானும் நானும் சுகம். என் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை. அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன், நீயும் பொறுமையாகக் கேட்டுக்கொள்.

நான் கேட்டதற்கு, முடியாது என்று உங்கள் குழுவின் பதில் வந்து சேர்ந்தது. "அன்புள்ள பங்களிப்பாளருக்கு" என்று ஆரம்பித்து, "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று முடித்து, கீழே உன் பெயர். கூடப் பிறந்தவளுக்கு இப்படிக் கடிதம் எழுத எங்கேயடா கற்றுக்கொண்டாய்? கம்ப்யூட்டர் அதை வாசித்தபோது உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். யார் இந்தப் பெரிய மனுஷர் என்று கேட்டார். என் தம்பிதான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மடித்த துணியெல்லாம் கலைந்துபோனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் நிலைமை உன் குழுவில் மற்றவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் நடுவயதில் பார்வை போனவர்கள். லாரி ஓட்டியவர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, இன்னும் சிலர். என்னைப் போலவே அவர்களுக்கும் திரையில் என்ன இருக்கிறது என்று உங்கள் வாசிப்புக் குரல் படித்துச் சொன்னால்தான் அது கம்ப்யூட்டர். சொல்லாவிட்டால் அது தகரப் பெட்டி. நீங்கள் எல்லாம் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து அந்தக் குரலுக்கான புரோகிராமை எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் முழுக்கத் திட்டினாலும் அது உண்டு.

வகுப்பில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட்டன. யாரோ புண்ணியவான் புதுப் பெட்டிகள் அனுப்பிவைத்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, சூடே ஆகாது, சத்தமே வராது. சத்தமே வராது என்பதுதான் பிறகு தெரிந்தது. உள்ளே இருப்பது புது ரகச் சிப். எந்தெந்தச் சிப்பில் உங்கள் குரல் பேசும் என்று நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில் அது இல்லை. திரையில் படம் அழகாக வருகிறது என்று பார்வை உள்ளவர்கள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எங்கள் மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை, சட்டப் புத்தகம் மாதிரி ஒரு மனுஷர். பட்டியலில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் உங்கள் புரோகிராமின் அடுத்த வெளியீடு வந்ததும் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு அறையை ஸ்டோராக மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டார். வகுப்பு அதோடு சரி. அறையோடு என் வேலையும் போகும். அதை மறைத்து எழுத நான் ஒன்றும் தியாகி இல்லை.

அதனால்தான் நானே உட்கார்ந்தேன். உங்கள் புரோகிராமின் மூலத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறீர்களே. எடுத்து, பேசுகிற என் வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, அதன் சிப்புக்குப் புரிகிற மாதிரி கம்பைல் செய்தேன். முரண்டு பிடித்தது, நானும் பிடித்தேன், கடைசியில் அது இறங்கி வந்தது. வகுப்பில் எல்லோரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஓட்டினேன். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு பொரிச்சல். எல்லோரும் ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார்கள். லாரிக்காரர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

எக்ஸ்ரேக்காரம்மா மட்டும் கழற்றவில்லை. திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். குரல் உள்ளே சரியாகத்தான் இருக்கிறது டீச்சர், அது மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒலி என்பது பூஜ்யத்துக்கு மேலேயும் கீழேயும் போய்வரும் எண்கள்தானே. அந்த எண்களுக்கு மைனஸ் உண்டா இல்லையா என்று எழுதுகிறவன் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் உங்கள் பழைய சிப் உண்டு என்று தானாக எடுத்துக்கொள்ளும். எங்கள் புதுச் சிப் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். கீழே இறங்க வேண்டியதெல்லாம் மேலே ஏறி நின்று கத்தும். இதில் இரண்டு சிப் மீதும் தப்பில்லை, சொல்லாமல் விட்டவன் மீதுதான் தப்பு.

யார் அந்தப் புத்திசாலி என்று தேடிப் பார்த்தேன். அந்த வரிக்கு நேரே உன் பெயர் இருந்தது. நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்து வரி. சரி போ, யானைக்கும் அடி சறுக்கும். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன், குரல் பளிச்சென்று வந்தது. கணக்கு வாத்தியார் எழுந்து நின்று கைதட்டினார். எக்ஸ்ரேக்காரம்மா அழுதாள், அவளை அழாதே என்று சொன்ன நானும் அழுதேன்.

அந்தத் திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினேன், கூடவே எங்கள் சிப்பையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். உங்கள் பட்டியலில் இருக்கும் சிப்பிலேயே எப்போதாவது இரைச்சல் வருகிறது என்று ஒரு புகார் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்ததே, அதுவும் இதே வரியால்தான், சிலர் கம்பைல் செய்கிற முறையில் பழைய சிப்பும் மைனஸ் இல்லை என்று எடுத்துக்கொண்டுவிடும். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தன. எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்கிற உங்கள் முட்டுக்கட்டை இருக்கிறாரே, அவரே 'நல்ல வேலை' என்று எழுதியிருந்தார். அதே வாரத்தில்தான் புதுச் சிப் வேண்டாம் என்று உங்கள் பதிலும் வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்று அவர் கூட்டத்தில் சொன்னாராம். மருந்தை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு வைத்தியரை வாசலோடு அனுப்புகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்துப் படித்துப் பார்த்தேன். இந்தச் சிப்பில் உங்கள் குரலைப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை, அதனால் சேர்க்க முடியாது என்கிறீர்கள். ஏண்டா, சேர்க்காமல் எப்படிப் பயன்படுத்துவார்கள்? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதையாக அல்லவா இருக்கிறது. சரி, நான் ஒன்று கேட்கிறேன். எனக்குப் பார்வை போன வருஷம் நம் வீட்டில் இருந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் எந்தப் பட்டியலில் இருந்தது? உலகத்தில் யாரும் அதை வைத்திருக்கவில்லை. நீ பரீட்சைக்குப் படிக்காமல், அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பேச வைத்தாய். அன்றைக்குப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டாயா? ஒரே ஒருத்தி. அந்த ஒருத்தி நான்.

ஒவ்வொரு சிப்பின் பொறுப்புக்கும் இரண்டு பேர் வேண்டும் என்பது உங்கள் விதி. நல்ல விதிதான், ஒருத்தர் ஓடிவிட்டால் சுமை உங்கள் தலையில் விழும். அதற்குத்தான் என்னோடு எக்ஸ்ரேக்காரம்மாவின் பெயரைக் கொடுத்தேன். அவருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாதே என்று நீ கேட்டிருக்கிறாய். எழுதத் தெரிந்த நீ எழுதியதில் இருந்த தப்பைத்தானே அவள் காது கண்டுபிடித்தது? ஒவ்வொரு வெளியீட்டையும் கேட்டுச் சோதிக்க ஆள் வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது. சோதிப்பாள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலைதானே, கண்ணுக்குப் பதில் காது என்கிறாள். அவளோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம் என்று நினைக்காதே, நானே ஜெயித்ததில்லை.

பட்டியலில் சேர்க்காமல் நீயே தனியாக ஒரு பிரதி வைத்து ஓட்டிக்கொள் என்று கடைசியில் ஒரு சமாதானம் வேறு. முடியாது. நீங்கள் ஒவ்வொரு முறை புதிதாக வெளியிடும்போதும் நான் பின்னாலேயே ஓடி வந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாலாவது ஒட்டில் கிழியும். மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார். கொல்லைப்புறமாக வந்து வாங்கிப் போக நாங்கள் ஒன்றும் திருடவில்லை. பந்தி நடக்கும்போது எங்களுக்கும் வரிசையில் இலை போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

உன் மனைவி போன வாரம் போன் செய்தாள். நான் இதைச் சொன்னதாக நீ அவளிடம் சண்டைக்குப் போகாதே. சாப்பிடும்போதும் நீ புகாருக்குப் பதில் எழுதுகிறாயாம். யாரோ முன்பின் தெரியாத ஒருவன் உன்னைச் சோம்பேறி என்று எழுதிவிட்டானாம், நீ அன்றைக்கு யாரோடும் பேசவில்லையாம். விட்டுவிடுகிறேன் என்று தினமும் சொல்கிறாயாம், விடவும் மாட்டேன் என்கிறாயாம். பிறகு அவள் ஒன்று சொன்னாள். எங்கள் சிப் பற்றிய கடிதம் வந்த அன்று நீ நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு வந்தா என்னால முடியாது, அக்காவாவே இருந்தாலும் முடியாது" என்று சொன்னாயாம்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு உன் மேல் இருந்த கோபம் இடம் மாறிவிட்டது. போகவில்லை, மாறியிருக்கிறது. புகார் எழுதுகிறவன் மேல் போயிற்று, எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போகிற வழக்கத்தின் மேல் போயிற்று. ஒலி சம்பந்தப்பட்ட எல்லாச் சுமையும் உன் ஒருவன் தலையில் இத்தனை வருஷமாக இருக்கிறது. இரண்டு பேர் வேண்டும் என்று எனக்கு விதி சொல்கிற குழு, உனக்கு இரண்டாவது ஆள் எங்கே என்று ஒரு நாளாவது கேட்டதா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நீயும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். உங்கள் குழுத் தலைவிக்கு எழுதினேன். எங்கள் சிப்பின் பொறுப்பு மட்டும் அல்ல, உங்கள் பட்டியலில் இருக்கிற எல்லாச் சிப்பிலும் ஒலிப் பகுதியை நானும் எக்ஸ்ரேக்காரம்மாவும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினேன். எங்கள் சிப்பைச் சேர்த்தாலும் எடுத்துக்கொள்கிறோம், சேர்க்காவிட்டாலும் எடுத்துக்கொள்கிறோம். பேரம் இல்லை. அவர் உடனே பதில் போட்டார். சந்தோஷம், ஆனால் இப்போது பார்த்துக்கொள்கிறவர் தன் வாயால் தருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். அடுத்த வெளியீட்டுக்கு முந்தைய குழுக் கூட்டத்தில் எங்கள் சிப்பை மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

மேனேஜரிடமும் பேசிவிட்டேன். பெட்டிகளைத் தூக்க ஆள் வருகிற அன்று அறையில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும், நாங்கள் எழுந்திருக்க மாட்டோம் என்றேன். லாரிக்காரர் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்தால் நகர்த்த இன்னொரு லாரிதான் வர வேண்டும். மேனேஜர் போகும்போது, கூட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்துக்கு நானும் வருகிறேன். முட்டுக்கட்டை வேண்டாம் என்று சொல்லட்டும், நான் காரணம் கேட்பேன். இந்த முறை தோற்றால் அடுத்த வெளியீட்டுக்கு வருவேன், அதிலும் தோற்றால் அதற்கடுத்ததற்கு வருவேன். என்னைக் களைப்படைய வைத்துவிடலாம் என்று மட்டும் யாரும் கணக்குப் போட வேண்டாம். நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கை தூக்கு. அக்கா என்பதற்காக எனக்குத் தூக்காதே. அக்காவுக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் சொல்லும் என்பதற்காக எதிராகவும் தூக்காதே. சிப்புக்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒலிப் பகுதிக்கு மட்டும் கேட்கிறேன். தருகிறேன் என்று சொல்லிவிடடா. இத்தனை காலம் நீ பேச வைத்த குரலில்தான் நான் உலகத்தைக் கேட்டேன், வேலை பார்த்தேன், உன்னைத் திட்டி எழுதவும் செய்கிறேன். கூட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, உன் மனைவியோடும் குழந்தையோடும் உட்கார்ந்து ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படு. அன்றைக்கு எவன் எந்த ஊரிலிருந்து என்ன புகார் எழுதினாலும் உனக்கு வராது, எனக்கு வரும். நீ நன்றாகத் தூங்கி எழுந்தாய் என்று காலையில் ஒரு வரி எழுது, அது போதும்.

ஆசிகளுடன்,
உன் அக்கா