ரவுட்டருக்கு வைத்த பெயர்

2007, வெள்ளி இரவு.

மூன்று கிழமை யோசித்து இன்று ரவுட்டர் வாங்கினேன். இரண்டு அன்டெனா உள்ளதுதான் பின்னறை வரை எட்டும் என்றார் கடைக்காரர். அன்டெனா எதற்கென்று சோதனைச்சாவடியில் ஆமிக்காரருக்கு ஆர் விளங்கப்படுத்துவது? அன்டெனா இல்லாத சின்னப் பெட்டியையே எடுத்தேன்.

வீட்டில் பெட்டியைப் பூட்டி இணைக்கும்போது, கம்பியில்லா இணைப்புக்குக் கம்ப்யூட்டர் ஒரு பெயர் கேட்டது. மனைவி குசினியிலிருந்து வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"சுதன் எண்டு போடுங்கோ."

"ரோட்டால போறவையின்ர கம்ப்யூட்டரிலயும் தெரியும்."

"தெரியட்டும். பிள்ளையைக் கண்ட ஆக்கள் இருந்தா வந்து சொல்லுவினம்."

மகன் காணாமல் போய் ஒன்பது மாதம். கேள்விகளுக்குப் பயந்து, ஆமி கேட்ட குடும்பப் பட்டியலில் அவன் வெளிநாட்டில் இருப்பதாக என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீடு சோதிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னேன்.

ஆனாலும் அவள் சொன்னபடி போட்டேன். திரையில் வந்த பெயரை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவள் சாமி விளக்கேற்றப் போனதும் பயம் வந்துவிட்டது. பெயரை அழித்து, வீட்டு இலக்கத்தைப் போட்டேன்.

சாப்பிடும்போது கேட்டாள்.

"பிள்ளையின்ர பெயர் இப்பவும் ரோட்டுக்குத் தெரியுதோ?"

"ஓம், தெரியுது."

"அப்ப பெட்டியை நிப்பாட்டாதேங்கோ."

நிறுத்தவில்லை. மேசையில் பச்சை லைட் எரிகிறது. பெட்டி பின்னறைக்கு எட்டவில்லை. விடிய விடிய ரோட்டுக்கு வீட்டு இலக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்.